நடுநிலைப் பள்ளிகளும் நம் சமுதாயமும்: ஓர் ஒப்பீட்டு வரலாறு

ஓர் ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தால், அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பேசாத பெற்றோர் இரார். இந்தப் பள்ளியில் கணக்கு நன்கு கற்பிக்கிறார்கள் என்பார் ஒருவர். அந்தப் பள்ளியில்தான் ஒழுக்கம் இருக்கிறது என்பார் மற்றொருவர். கட்டணம் குறைவு என்றும், வீட்டுக்கு அண்மையில் உள்ளது என்றும், நம் பிள்ளைகள் பலர் அங்குப் படிக்கிறார்கள் என்றும் காரணங்கள் அடுக்கப்படும். திண்ணையிலும், தொழுகை முடிந்து திரும்பும் வழியிலும் நடைபெறும் இவ்வுரையாடல் அற்பமானதன்று. ஒரு பிள்ளையின் வாழ்வு எத்திசையில் செல்லும் என்பது பெரும்பாலும் அதில்தான் முடிவாகிறது.

இவ்வொப்பீட்டைப் பெற்றோர் மட்டும் செய்யவில்லை. கடந்த இருநூறு ஆண்டுகளாக அரசுகளும் செய்து வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் அளவுகோல் மாறியிருக்கிறது. ஒரு காலம் பள்ளிகளின் எண்ணிக்கையை அளந்தது. ஒரு காலம் சமூகங்களின் விகிதத்தை அளந்தது. பிறிதொரு காலம் பிள்ளையின் பசியையும், வீட்டிலிருந்து பள்ளிக்குள்ள தொலைவையும் அளந்தது. இவற்றுள் எந்த அளவுகோல் நம் சமுதாயத்தின் உண்மை நிலையைக் காட்டியது, எது மறைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தொடக்கப் பள்ளியைப் பற்றியும் கல்லூரியைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டுக்கும் இடையிலுள்ள நடுநிலைப் பள்ளியைப் பற்றிப் பேசியது குறைவு. நம் பிள்ளைகள் அதிகமாக வழுக்கி விழுந்த படியோ அதுதான்.

மன்றோவின் கணக்கு

சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியர் அனைவரிடமும் தத்தம் பகுதியிலுள்ள பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். நாட்டு மக்களிடையே கல்வி எந்த அளவில் இருக்கிறது என்பதை அறியாமல் அதைத் திருத்தப் புகுவது பொருந்தாது என்பது அவர் கருத்து. கணக்குகள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சத்துக்குச் சற்று மேல். அதாவது அறுபத்தேழு பேருக்கு ஒருவர் பள்ளியில். வீட்டிலேயே கல்வி பெறுவோரையும் சேர்த்தால் ஆண் பிள்ளைகளில் மூவருக்கு ஒருவர் கல்வி பெறுவதாக அவர் மதிப்பிட்டார்.

அக்கணக்கில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று மலபார் மாவட்டத்திலிருந்து வந்தது. அங்குப் பள்ளியிலிருந்த முஸ்லிம் ஆண் பிள்ளைகள் 3,196. பெண் பிள்ளைகள் 1,122. அதாவது மூன்று ஆண்களுக்கு ஒரு பெண்ணுக்கும் மேல். முஸ்லிம்கள் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாதவர்கள் என்று பிற்காலத்தில் பலரும் எளிதாகச் சொல்லிவிட்ட முடிவுக்கு இவ்வெண்கள் தடையாக நிற்கின்றன. பள்ளிவாசலை ஒட்டி, தெருவுக்குள்ளேயே ஓதப்பள்ளி இருந்த இடத்தில் பெண்மக்கள் தயக்கமின்றிச் சென்றார்கள் என்பதையே இது காட்டுகிறது. தொலைவும் சூழலும் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கான முதற்சான்று இது எனலாம்.

கணக்கெடுத்ததோடு மன்றோ நிற்கவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரண்டு தலைமைப் பள்ளிகளும், வட்டந்தோறும் ஒரு தாசில்தாரிப் பள்ளியும் அமைக்க வேண்டும் என்றார். மாவட்டப் பள்ளி ஆசிரியருக்குத் திங்களுக்கு 15 ரூபாய்; தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். புத்தகச் சங்கத்துக்குரிய 700 ரூபாயும் சேர்த்துத் திங்களுக்கு 4,000, ஆண்டுக்கு 48,000 ரூபாய் என்பது திட்டம். திண்ணைப் பள்ளிக்கும் உயர்கல்விக்கும் இடையே ஒரு நடுப்படியை அரசின் செலவில் அமைக்க இம்மாகாணத்தில் நடந்த முதல் முயற்சி இதுவே. 1827இல் மன்றோ காலமானார். திட்டம் அரைகுறையாக நடந்து, 1836இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. நடுப்படி கட்டி முடியுமுன்னரே இடிந்தது.

விகிதம் மறைத்த உண்மை

அடுத்த அளவுகோல் விகிதம். 1871 ஆகஸ்டில் வைசிராய் மேயோ பிரபுவின் அரசு, முஸ்லிம்கள் அரசுக் கல்வியிலிருந்து விலகி நிற்பதைக் குறித்துத் தீர்மானம் ஒன்றை வெளியிட்டு மாகாண அரசுகளிடம் விளக்கம் கேட்டது. சென்னை மாகாணத்தில் அன்று மக்கள்தொகையில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 6, பள்ளிகளிலோ 4.4. இக்குறையைப் போக்க முஸ்லிம்களுக்கெனத் தனிப் பள்ளிகளும், பொதுப் பள்ளிகளில் தனி வகுப்புகளும், கட்டணச் சலுகையும் அளிக்கப்பட்டன. பத்தாண்டுகளில் பள்ளிகளிலிருந்த முஸ்லிம் மாணாக்கரின் விகிதம் மக்கள்தொகை விகிதத்தையே தாண்டிவிட்டது. புள்ளி விவரத்தை மேலோட்டமாகப் பார்த்தவர்கள், சென்னை முஸ்லிம்களுக்குக் குறையொன்றும் இல்லை என்று முடிவு கட்டினர்.

1882 பிப்ரவரியில் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் குழு அப்புள்ளி விவரத்தைப் பள்ளியின் படிநிலை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. தொடக்க வகுப்புகளில் நிறைந்திருந்த முஸ்லிம் பிள்ளைகள், ஆங்கில நடுநிலைப் பள்ளிகளில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ இரண்டரை. கல்லூரிகளில் இரண்டுகூட இல்லை. ஏணியின் அடிப்படியில் கூட்டம். இரண்டாம் படியிலேயே பாதிப் பேரைக் காணோம். மொத்த விகிதம் என்னும் ஒரே எண் இந்த உண்மையை மறைத்து வைத்திருந்தது.

ஏன் இந்தச் சரிவு? நம் முன்னோர் கல்வியை வெறுத்தார்கள் என்று சொல்வது பிழை. கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதில் குர்ஆனை ஓதி முடித்து, தமிழில் எழுதவும் பேரேட்டுக் கணக்குப் போடவும் கற்றவுடன், தந்தையோடோ மாமனோடோ இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். கடைக்கு வேண்டிய கல்வி அந்த வயதோடு முடிந்தது. அதற்குமேல் நடுநிலைப் பள்ளியில் மூன்றாண்டு செலவிட்டுப் பெறக்கூடியது அரசு அலுவலகத்து எழுத்தர் வேலை. வாணிகக் குடும்பங்களுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. வறுமையில் இருந்த குடும்பங்களுக்கோ அந்த மூன்றாண்டுக் கட்டணம் எட்டாத தொலைவில் இருந்தது.

மொழி என்னும் கதவு

ஹண்டர் குழு முஸ்லிம் கல்விக்காகப் பதினேழு பரிந்துரைகளை அளித்தது. அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு நேரானவை. ஒன்று, உதவித்தொகை பற்றியது. தொடக்கப் பள்ளியில் வென்று நடுநிலைப் பள்ளியில் பெறத்தக்கது, நடுநிலைப் பள்ளியில் வென்று உயர்நிலைப் பள்ளியில் பெறத்தக்கது எனப் படிப்படியாக உதவித்தொகை வகுக்க வேண்டும் என்றது அது. பிள்ளைகள் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்பதைக் கண்டு, அந்த இடத்தில் கைகொடுக்கச் சொன்ன அறிவுடைய பரிந்துரை இது.

மற்றொன்று மொழி பற்றியது. முஸ்லிம்களுக்கான தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும்; அவ்வூர் முஸ்லிம்கள் வேறு மொழியை விரும்பினால் மட்டும் விலக்கு என்பது அது. வடநாட்டுக்கு இது பொருந்தலாம். சென்னை மாகாணத்தின் தென்பகுதியிலோ முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ். லெப்பைகளும் மரைக்காயர்களும் இராவுத்தர்களும் தாலாட்டும் ஒப்பாரியும் தமிழிலேயே பாடியவர்கள். மார்க்கச் சட்டங்களைக்கூட அறபுத் தமிழில் எழுதிப் படித்தவர்கள். இவர்களுக்கு விதி பொருந்தவில்லை; விலக்கே பொருந்தியது. விதியாக இருப்பது தானே நடக்கும். விலக்கைக் கேட்டுத்தான் பெற வேண்டும். முஸ்லிம் பள்ளி என்றால் உருதுப் பள்ளி என்னும் எண்ணம் அலுவலகங்களில் வேரூன்றியதால், தமிழ் முஸ்லிம் பிள்ளைக்குத் தனிப் பள்ளியும் அயலாயிற்று; பொதுப் பள்ளியில் மார்க்கப் பாடம் இல்லாததால் அதுவும் அயலாயிற்று.

பொதுப் பள்ளியில் பிற சமயத்தாரிடம் பயிலலாமா என்ற ஐயம் அந்நாளில் சிலரிடம் இருந்தது உண்மை. அதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷியருள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் அதுவே விடுதலைப் பொருளாக ஏற்கப்படும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்த செய்தியைச் சீறா வரலாற்றில் படிக்கிறோம். நேற்றுவரை வாளேந்தி எதிர்த்து நின்றவரிடமும் எழுத்தைக் கற்கலாம் என்றால், அண்டை வீட்டு ஆசிரியரிடம் கற்பதில் தடை ஏது?

அரை மணி நடைக்குள் நான்கு பள்ளிகள்

இக்கருத்துகளை ஒரு நிலப்பகுதியில் வைத்துப் பார்ப்போம். சென்னையில் திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை, ஆயிரம் விளக்கு ஆகிய பகுதிகளைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தால் நான்கு வகைப் பள்ளிகளைக் காணலாம். ஆற்காட்டு நவாபுகளின் குடிகள் நிறைந்த பகுதி இது.

முதலாவது மதரஸா-இ-ஆஸம். நவாபின் ஆதரவில் வளர்ந்து, 1859இல் அரசு ஏற்று நடத்தத் தொடங்கிய பள்ளி. பார்சியும் அரபும் உருதுவும் மணந்த அவ்விடத்தில் ஆங்கிலக் கல்வியும் புகுந்தது. உருது பேசும் குடும்பங்களுக்கு அது தாய்வீடு. ஆனால் நகரின் வடபகுதியில், மண்ணடி, முத்தியாலுப்பேட்டைத் தெருக்களில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம் வணிகரின் பிள்ளைகளுக்கு அது இடத்தாலும் மொழியாலும் தொலைவில் இருந்தது.

இரண்டாவது, இராயப்பேட்டையிலுள்ள ஹோபார்ட் பள்ளி. 1872 முதல் 1875 வரை ஆளுநராயிருந்த ஹோபார்ட் பிரபுவின் மனைவியாரின் நன்கொடையால் முஸ்லிம் பெண்மக்களுக்கென எழுந்தது. கோஷா முறையைக் காத்துக்கொண்டே பெண்கள் படிக்கலாம் என்பதைச் செயலில் காட்டிய பள்ளி. சூழலை அமைத்துக் கொடுத்தால் பெண்மக்கள் வருவார்கள் என்பதை மலபாரின் ஓதப்பள்ளி உணர்த்தியதுபோலவே இதுவும் உணர்த்தியது.

மூன்றாவது, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. அரசின் பள்ளியன்று, மக்கள் கூடி நடத்தியது. வ. ச. சீனிவாச சாஸ்திரியார் தலைமையாசிரியராயிருந்த பெருமையுடையது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் 1920களில் பயின்றதும் அங்கேதான். ஒரு சமூகம் தன் பள்ளியின் நடுநிலை வகுப்புகளையும் உயர் வகுப்புகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, பிள்ளை இடையில் வேறு வாசல் தேட வேண்டாதபடி செய்ததால் கிடைத்த பயன் அது.

நான்காவது, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளி. பள்ளிவாசல் ஒன்றால் பெயர்பெற்ற அப்பகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்கு இருந்த வாசல் அது. சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராயிருந்தபோது, 1920 செப்டம்பரில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு அப்பள்ளியில் பகலுணவு வழங்க மன்றம் இசைந்தது. மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணாக்கர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக்கூடாதென்று அரசு தடுத்ததால் 1925 ஏப்ரலில் அது நின்றது. பின்னர்ச் சிறு அளவில் மீண்டது.

இந்நான்கையும் ஒப்பிட்டால் எது சிறந்த பள்ளி? தேர்ச்சியைக் கேட்டால் ஒரு விடை. மரபைக் கேட்டால் ஒரு விடை. பெண்மக்களின் பாதுகாப்பைக் கேட்டால் ஒரு விடை. பசித்த பிள்ளையைக் கேட்டால் வேறொரு விடை. ஓரணாச் சோற்றால் இரு மடங்கான வருகை, அதுவரை அப்பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருந்தது எது என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிட்டது. கல்வியில் ஆர்வமில்லை என்று பழிக்கப்பட்டவர்களுக்கு இல்லாதிருந்தது ஆர்வமன்று.

இரண்டு எட்டாம் வகுப்புகள்

இந்த நூற்றாண்டின் இளைஞர்கள் அறியாத ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இம்மாகாணத்தில் எட்டாம் வகுப்பு இரண்டு வகையாக இருந்தது. ஒன்று, ஹையர் எலிமெண்டரிப் பள்ளியின் எட்டாம் வகுப்பு. தாய்மொழியில் நடப்பது; இறுதியில் இ.எஸ்.எல்.சி. எனப்படும் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு. மற்றொன்று, உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் பாரம். ஆறாம் வகுப்பே முதல் பாரம். ஆறாம் பாரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. இரண்டிலும் பிள்ளையின் வயது ஒன்றே. படித்த ஆண்டுகளும் ஒன்றே. ஆனால் சென்று சேர்ந்த இடம் வேறு. மூன்றாம் பாரம் முடித்தவன் முன்னே நடந்தால் கல்லூரி வாசல் தெரிந்தது. இ.எஸ்.எல்.சி. முடித்தவன் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். இல்லையேல் சிறு வேலையோடு நிற்கலாம். ஆங்கிலப் பயிற்சி போதாமல் உயர்நிலைப் பள்ளிக்குத் திரும்புவது அவனுக்குக் கடினமாயிருந்தது.

நம் சிற்றூர்களில் எட்டிய தொலைவில் இருந்தவை பெரும்பாலும் முதல் வகைப் பள்ளிகளே. ஒரே பெயருடைய வகுப்பு, ஒரே அரசின் சான்றிதழ் என்பதைக் கொண்டு பெற்றோர் இரண்டும் ஒன்றென்று எண்ணினர். பள்ளிகளை ஒப்பிடுவோர் பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பதோடு, பள்ளியை விட்டு வெளியேறும் வாசல் எங்கே திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை இவ்விரு எட்டாம் வகுப்புகள் கற்பிக்கின்றன.

1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று அது எதிர்க்கப்பட்டது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. தொடர்ந்து சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956இல் பகலுணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் பணி அதில் பெரிது. ஆயிரம் விளக்கில் ஓரணாவோடு நின்றுபோன கருத்து மாநிலம் தழுவியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, 1984இல் பத்தாம் வகுப்புவரை அதை நீட்டியபோது நடுநிலைப் பள்ளிப் பிள்ளையும் அதன் பயனைப் பெற்றான்.

தொலைவும் பெண்மக்களும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொலைவை அளவுகோலாக்கியது. அதன் விதிகள் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டுவரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. சட்டத்தின் பார்வையில் இரண்டு கிலோமீட்டர்தான் வேறுபாடு. பதினொரு வயதுப் பெண்ணின் தாய்க்கோ அந்த இரண்டு கிலோமீட்டரில் நெடுஞ்சாலை இருக்கிறது, சாராயக்கடை இருக்கிறது, மாலை மயங்கும் நேரம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்குத் தெருவுக்குள் நடந்த பெண், நடுநிலைப் பள்ளிக்கு ஊரைக் கடந்து நடக்க வேண்டும். சேர்ந்த இடத்தில் கழிப்பறை இல்லையென்றால் ஓரிரு ஆண்டுகளில் அவள் நின்றுவிடுகிறாள்.

நீதியரசர் இராஜிந்தர் சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கை ஒரு பழம்பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பள்ளி வயதுடைய முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாக்களுக்குச் செல்வோர் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் மட்டுமே என்று அது காட்டியது. எஞ்சியோர் நாடுவது அரசுப் பள்ளியையும் தனியார் பள்ளியையுமே. ஆகவே நம் பிள்ளைகளின் கல்வியைத் திருத்துவது என்பது, பெரும்பாலும் நம் தெருவுக்கு அண்மையிலுள்ள ஊராட்சி ஒன்றிய, நகராட்சி நடுநிலைப் பள்ளிகளைத் திருத்துவதேயாகும்.

இருபதாம் நூற்றாண்டில் நம் பெரியவர்கள் செய்த தொண்டுகளை மறப்பதற்கில்லை. 1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியக் கல்லூரி எழுந்தது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தன. இவை நம் சமுதாயத்தின் அணிகலன்கள். ஆனால் கல்லூரியின் வாசலை அடைவதற்குப் பிள்ளை ஆறு, ஏழு, எட்டு என்னும் மூன்று வகுப்புகளைக் கடந்தாக வேண்டும். கல்லூரிக்கு அடிக்கல் நாட்டும் விழாவுக்கு ஊரே திரளும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண் ஏழாம் வகுப்புக்கு வரவில்லை என்பதைக் கேட்கத்தான் ஆளில்லை.

எந்த அளவுகோல்?

வரலாறு காட்டியவற்றைத் தொகுத்தால் முடிவு ஒன்றுதான். மன்றோவின் எண்ணிக்கையும், மேயோ காலத்து விகிதமும், பிற்காலத்துத் தேர்ச்சிப் பட்டியலும் முழு உண்மையைச் சொல்லவில்லை. ஹண்டர் குழு படிநிலைவாரியாகப் பிரித்துப் பார்த்ததே உண்மையைக் காட்டியது. தேர்ச்சி விகிதம் இறுதிவரை இருந்தவர்களைப் பற்றியது. இடையில் போனவர்களைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆகவே ஒரு பகுதியிலுள்ள நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிட விரும்புவோர் இரண்டு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எட்டாம் வகுப்பை முடித்தார்கள்? எட்டை முடித்தவர்களில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் வேறொரு பள்ளியில் சேர்ந்தார்கள்? ஆண், பெண் என்று பிரித்துக் கேட்டால் விடை இன்னும் தெளிவாகும். கட்டடம், சீருடை, ஆங்கிலப் பெயர்ப்பலகை ஆகியவை இவற்றுக்குப் பின் வரட்டும்.

இக்கேள்விகளுக்கு விடை காணப் பெருநிதி வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவிலுள்ள பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் எழுதி வைத்தால் போதும். யார் எந்தப் பள்ளியில், யார் நின்றார், ஏன் நின்றார் என்று அதில் இருக்கட்டும். காரணம் கட்டணமானால் பைத்துல்மால் இருக்கிறது. வழித்துணையானால் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். கழிப்பறையும் ஆசிரியரும் இல்லாமையானால், பிற சமூகத்துப் பெற்றோரோடு சேர்ந்து உரிய அலுவலரிடம் கேட்கும் உரிமை நமக்கிருக்கிறது. அப்பள்ளி நமக்கு மட்டும் உரியதன்று. கோரிக்கையும் நமக்கு மட்டும் உரியதாக இருக்கலாகாது.

2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. நடுநிலைப் பள்ளி ஒன்றில் தம்பி நான்காம் வகுப்பு. அக்காள் ஆறாம் வகுப்பு. தம்பி உண்ணும்போது அக்காள் வகுப்பறைக்குப் போகிறாள். நடுப்படி எப்போதும் கண்ணில் படாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா. அந்த அக்காளை நினைவில் வைத்துக்கொண்டு நம் பகுதிப் பள்ளிகளை ஒப்பிடத் தொடங்குவோமாக.